உப்புக் கணக்கு ஊருக்குப் புரியட்டும்!

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது நம் மக்கள் வாக்கு. உப்பை நாம் பழிக்க வரவில்லை. உழைப்பவன் உடலுக்கு உப்பு வேண்டும். அவன் குடிக்கும் கஞ்சிக்கும் வேண்டும். எவ்வளவு என்பதே கேள்வி. வீட்டில் கையால் அள்ளிப்போடும் உப்பு நம் கண்ணுக்குத் தெரிகிறது. கம்பெனிக்காரர் பொட்டலத்துக்குள் போட்டு அனுப்பும் உப்பு யார் கண்ணுக்குத் தெரிகிறது?

வயது வந்தவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு தேக்கரண்டி, அவ்வளவுதான். உலக மக்கள் உண்பதோ சராசரியாக 10 கிராமுக்கு மேல்! மிஞ்சிய உப்பு ரத்தக்கொதிப்பை வளர்க்கிறது. அது சொல்லிக்கொண்டு வரும் நோயல்ல. நேற்றுவரை மூட்டை தூக்கியவர் இன்று பக்கவாதத்தில் விழுந்தால், விழுவது அவர் மட்டுமா? அவர் கூலியை நம்பிய குடும்பமும் சேர்ந்தல்லவா விழுகிறது!

"பொட்டலத்தில்தான் அச்சிட்டிருக்கிறதே, படித்துப் பார்த்து வாங்கட்டுமே" என்பர் சிலர். அச்சிட்டிருப்பது உண்மை. 100 கிராம் பண்டத்தில் எவ்வளவு சோடியம் என்று காட்டவேண்டும் என 2020-இல் வகுத்த விதிகள் சொல்கின்றன. ஆனால் எங்கே காட்டுகிறார்கள்? முதுகுப்புறத்தில், எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில். எந்த மொழியில்? ஆங்கிலத்தில், அல்லது தேவநாகரி எழுத்தில் இந்தியில் இருக்கவேண்டும் என்பது விதி. தமிழ் இருந்தால் தடையில்லையாம், இல்லாவிட்டாலும் குற்றமில்லையாம்! உண்பவன் தமிழன், உயிர் தமிழனுடையது, எச்சரிக்கை மட்டும் அவன் அறியாத மொழியிலா?

படிக்கத் தெரிந்தவருக்கும் அது எளிதல்ல. உப்பு என்று போடுவதில்லை, சோடியம் என்று போடுகிறார்கள்; அதையும் மில்லிகிராமில். கணக்கை நாமே கற்றுக்கொள்வோம். சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்பு. 100 கிராம் மிக்சர் பொட்டலத்தில் 1000 மில்லிகிராம் சோடியம் என்றிருந்தால், உள்ளே இருப்பது இரண்டரை கிராம் உப்பு. நாள் முழுவதற்குமான அளவில் சரிபாதி! அதே பொட்டலத்தில், ஒரு வேளைக்கு 20 கிராம் என்று வைத்துக்கொண்டு, "நாளளவில் நூற்றுக்குப் பத்து" என்றும் போட்டிருக்கும். பசியோடு ஷிப்டு முடிந்து வருபவர் 20 கிராம் தின்று நிறுத்துவாரா?

நாக்கை நம்பியும் பயனில்லை. ரொட்டியும் பிஸ்கட்டும் கரிப்பதில்லை. ஆனால் அவற்றிலும் உப்பு உண்டு, சோடா உப்பும் உண்டு. இரண்டிலும் இருப்பது சோடியமே.

வேறு வழி இல்லையா? இருக்கிறது. தென் அமெரிக்காவின் சிலி நாடு 2016-இல் பொட்டலத்தின் முகப்பிலேயே எண்கோணக் கறுப்பு முத்திரை பதிக்கச் செய்தது: "சோடியம் அதிகம்" என்று, அந்த நாட்டு மக்கள் பேசும் மொழியில். முத்திரைக்கு அஞ்சிப் பல கம்பெனிகள் உப்பைக் குறைத்தன. இங்கோ, 2022-இல் நட்சத்திரம் வழங்கும் திட்டம் ஒன்றை வரைவாக வெளியிட்டார்கள். அதன்படி உப்பு மிகுந்த பண்டத்தில் நார்ச்சத்தும் இருந்தால், உப்புக்குரிய குறையில் ஒரு பகுதி கழிந்துவிடும்! எச்சரிக்கை கேட்டவனுக்கு நட்சத்திரமா காட்டுவது?

நம் வீட்டு ஊறுகாயையும் கருவாட்டையும் அப்பளத்தையும் நாம் மறந்துவிடவில்லை. அங்கே குறைக்கவேண்டியது நம் கை. ஆனால் பொட்டலத்துக்குள் இருப்பது நம் கையில் இல்லை. அதற்குச் சட்டம் வேண்டும்: முகப்பில் முத்திரை, தமிழில் எழுத்து, உப்புக்கு உப்பு என்றே பெயர். இதைக் கேட்போம். அதுவரை தோழர்கள் படிப்பகத்திலும் சங்க வாசலிலும் தேநீர்க் கடையிலும் ஒரு பொட்டலத்தைத் திருப்பிக் காட்டி, இரண்டரையால் பெருக்கும் கணக்கைச் சொல்லிக்கொடுங்கள். காசு கொடுப்பவன் கணக்குக் கேட்பது அவன் உரிமை!