கருவியோ, கையோ?

நெடுந்தொலைவிலுள்ள இலக்கை ரைபிளாற் சுட்டுப் பழகும் விளையாட்டிற் புதிதாகப் புகுவோர், விலையுயர்ந்த ரைபிளையும் அதன்மேற் பொருத்தும் தொலைநோக்கியையுமே முதற்கண் நாடுகின்றனர். அவற்றை வாங்கவியலாதாரோ, இது செல்வர்க்கே உரிய கலையென்று ஒதுங்கிவிடுகின்றனர். இவ்விரு சாராரும் கருவியைக் கைப்பழக்கத்தினும் மேலாக மதிக்கின்றனர் என்பது எமது துணிபு.

இவ்விளையாட்டிற்குப் பேர்போன களம் இங்கிலாந்திலுள்ள பிஸ்லி. அங்கு நிகழும் போட்டிகள் 1860-இல் விம்பிள்டனில் தொடங்கி, 1890-இல் பிஸ்லிக்கு மாறின. தொடக்க நாளன்று, விட்வொர்த் என்பார் தாம் செய்த ரைபிளை ஒரு தாங்கியில் அசையாது பொருத்திவைக்க, விக்டோரியா மகாராணியார் கயிற்றை இழுத்த அளவிலே, 400 கஜத்துக்கு அப்பாலிருந்த இலக்கின் நடுவிடத்தை ஒட்டிக் குண்டு பாய்ந்தது. கருவி அன்றே திருந்திவிட்டது. திருந்தவேண்டுவது அதனைத் தாங்கும் கையே.

பிஸ்லியில் வழங்கும் மன்னர் பரிசின் இறுதிச் சுற்று 900, 1000 கஜத் தொலைவுகளில் நடைபெறுகின்றது. போட்டியாளர் குப்புறப் படுத்து, வாரினாற் கையை இறுக்கிக்கொண்டு, சிறு துளை வழியே நோக்கிச் சுடுவர். தொலைநோக்கி ரைபிளின்மேல் இராது. காற்றையும் இலக்கையும் பார்த்தற்பொருட்டு அருகே நிற்கும். 1930-இல் மார்ஜரி பாஸ்டர் என்னும் பெண்மணியார் இப்பரிசை வென்று, அதனைப் பெற்ற முதற் பெண்ணாயினார். அவரை உயர்த்தியது பழக்கமேயன்றி ரைபிளின் விலையன்று.

அங்ஙனமாயின், தொடக்கத்தில் வேண்டுவன யாவை? முதலாவது, செவிக்காப்பு; வெடியோசையாற் கெட்ட செவி மீண்டும் திருந்தாது. இரண்டாவது, தத்தம் உடலுக்குப் பொருந்திய தடித்த மேற்சட்டை, கையுறை, வார் ஆகியன. இவற்றைப் பிறரிடம் இரவல் பெறுதல் அத்துணைப் பயன் தாராது. மூன்றாவது, ஒரு குறிப்பேடு. குண்டு பட்ட இடத்தையும் காற்றின் நிலையையும் அதில் எழுதிவருதல் வேண்டும். நான்காவது, .22 ரைபிள். நம் நாட்டுத் தேசிய மாணவர் படையிலும் பழக்கப்படுவது அதுவே. அதனையும் உடனே வாங்கவேண்டுவதில்லை. பிரிட்டனில் அரசின் ஏற்புப் பெற்ற சங்கத்திற் சேர்வார் குறைந்தது மூன்று திங்கள் பயிலுநராயிருத்தல் வேண்டும். அக்காலத்திற்குச் சங்கத்தின் ரைபிளே போதும்.

சிறிய .22 குண்டு நெடுந்தொலைக் கலையை எவ்வாறு கற்பிக்கும் எனின், கூறுதும். மணிக்கு 10 மைல் வீசும் குறுக்குக் காற்று, 1000 கஜத்தில் 7.62 மில்லிமீட்டர் குண்டை ஆறடிக்கு மேல் ஒதுக்கிவிடும். அதே காற்று, மெல்லச் செல்லும் .22 குண்டை 100 கஜத்திலேயே ஏறத்தாழ நான்கங்குலம் ஒதுக்கும். காற்றை அளந்தறியும் பாடம் இரண்டிற்கும் ஒன்றே. சிறுகுண்டு அதனைச் சிறுசெலவிற் புகட்டுகின்றது.

பழைய ரைபிளாற் குறி தப்பின், பிழை தம்முடையதோ ரைபிளினுடையதோ எனப் பயில்வோர் மயங்குவரே என்று சிலர் தடை நிகழ்த்துவர். தடை தக்கதே. ஆயினும் விடை எளிது. தேர்ந்தவர் ஒருவர் கையில் அந்த ரைபிளைக் கொடுத்துச் சுடச்செய்க. அவர் குண்டுகள் ஓரிடத்தே நெருங்கி விழின், பிழை நம்முடையது. அதனை அறிதலே கல்வியின் தொடக்கம்.

ஆதலின், பயில விரும்புவோர் கைப்பொருளைத் தோட்டாக்களிலும் பயிற்சி நாட்களிலும் முதலிற் செலவிடுவாராக. சொந்த ரைபிள் வாங்குதல் இறுதிப் படியாக இருக்கட்டும். அந்நாளில், தமக்கு வேண்டுவது இன்னதென்பதை விற்பவன் வாயாலன்றித் தம் குறிப்பேட்டாலேயே அவர் அறிந்திருப்பர்.