ஆய்வகப் பழக்கம் ஆலைக்கு ஆகாது

கடந்த பருவ விடுமுறையில் உணவுப்பொருள் தொழிற்சாலை ஒன்றில் தொழிற்பயிற்சி மேற்கொண்டேன். மூன்றாவது வாரத்தில் ஒரு நாள், பேக்கிங் லைன் அரை மணி நேரத்திற்குள் மூன்று முறை நின்றது. மோட்டாரில் கோளாறு இல்லை, சென்சார்களும் சரியாகவே இருந்தன. லைனை இயக்கும் பிஎல்சி, அதாவது இயந்திரக் கட்டுப்பாட்டுக் கணினி, சில நொடிகள் பதிலே இல்லாமல் இருந்துவிட்டு மீண்டும் தொடர்புக்கு வந்தது.

மின்சாரப் பிரிவினர் பவர் சப்ளையை மாற்றிப் பார்த்தார்கள். பலனில்லை. பராமரிப்புப் பிரிவின் மூத்த அண்ணன் ஒருவர், “பெட்டியைக் கழற்றுறதுக்கு முன்னாடி கேபிள்ல என்ன ஓடுதுன்னு பாருங்க” என்றார். பிஎல்சி இணைந்திருந்த போர்ட்டின் போக்குவரத்து முழுவதும் வேறொரு போர்ட்டுக்குப் பிரதியாகும்படி சுவிட்சில் அமைத்தார். அதில் தம் மடிக்கணினியைச் செருகி வயர்ஷார்க் மென்பொருளைத் திறந்தார்.

ஆலை வலையமைப்பின் போக்குவரத்து சலிப்பூட்டும் அளவுக்கு ஒழுங்கானது. கட்டுப்பாட்டுத் திரை கேட்கும், பிஎல்சி பதில் சொல்லும். நாள் முழுக்க இதேதான். அதனால்தான் வேண்டாத ஒன்று நுழைந்தால் அங்கே உடனே தெரிகிறது. அன்று திரையில் ஏஆர்பி கேள்விகள் கொட்டின. ‘1-ஆம் முகவரி யாருடையது? 2? 3?’ என்று ஒரே கணினி 254 வரை கேட்டுக்கொண்டே போனது. பிறகு பிஎல்சியின் போர்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டியது. அந்தக் கணினியின் மேக் முகவரியை சுவிட்சின் அட்டவணையில் தேடினார். கேபிள் என் மேசைக்கு அடியில் வந்து முடிந்தது.

இயந்திரக் கருவிகளின் பட்டியல் தயாரிக்கும் வேலையை என்னிடம் கொடுத்திருந்தார்கள். ஆலை முழுக்க நடந்து எழுதச் சோம்பல்பட்டு, காலியாக இருந்த போர்ட்டில் மடிக்கணினியைச் செருகி என்மேப்பை ஓட விட்டிருந்தேன். இரண்டாம் முறை லைன் நின்றபோதே எனக்குச் சந்தேகம் வந்தது. பயத்தில் வாய் திறக்கவில்லை. ஸ்கேன் செய்ததைவிட அந்த மௌனம்தான் பெரிய தவறு என்று இப்போது நினைக்கிறேன். பவர் சப்ளை மாற்றிய நேரம் முழுவதும் அதனால் வீணானது.

அலுவலகக் கணினிக்கு இத்தகைய கேள்விகள் கொசுக்கடி மாதிரி. பழைய பிஎல்சிகள் பலவற்றில் ஒரே சிறிய செயலி இயந்திரத்தையும் கவனிக்க வேண்டும், கேபிளில் வருவதையும் படிக்க வேண்டும். எதிர்பாராதவை குவிந்தால் அது திணறிவிடும்.

இது ஏதோ ஓர் ஆலையின் கதையல்ல. அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான நிஸ்ட் வெளியிட்ட 800-82 வழிகாட்டி, சாதாரண ‘பிங்’ சோதனையால் நேர்ந்த சம்பவங்களைக் குறிப்பிடுகிறது. ஓரிடத்தில், ஓய்வு நிலையில் இருந்த 9 அடி இயந்திரக் கை திடீரென 180 பாகை சுழன்றது. இன்னோரிடத்தில், என்னைப் போலவே கருவிப் பட்டியல் எடுக்கப் போய், சில்லு தயாரிப்பைக் கட்டுப்படுத்தும் அமைப்பு உறைந்தது. 50,000 டாலர் மதிப்புள்ள வேஃபர்கள் பாழாயின. 2006 ஆகஸ்ட் 19-இல் அலபாமாவின் பிரவுன்ஸ் ஃபெரி அணுமின் நிலையத்தில், உள் வலையமைப்பின் மிகையான போக்குவரத்தால் நீர்ச்சுழற்சிப் பம்புகளின் கட்டுப்பாட்டுக் கருவிகள் செயலிழந்தன. இரு பம்புகளும் நிற்க, ஊழியர்கள் மூன்றாம் உலையைக் கையால் நிறுத்த வேண்டியதாயிற்று.

நாங்கள் படிக்கும் இணையப் பாதுகாப்புப் பாடத்தில் ஸ்கேன் செய்வதுதான் முதல் பயிற்சி. அனுமதி பெறச் சொல்கிறார்கள், ஆனால் சட்டத்துக்குப் பயந்து. எதிர்முனையில் இருப்பது ஓடும் இயந்திரமாக இருக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. விரிவுரையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஆய்வகத்தில் ஒரு பழைய பிஎல்சியை வையுங்கள். ஒரு விளக்கையாவது அது இயக்கட்டும். மாணவர்களே ஸ்கேன் செய்து அதை உறைய வைத்துப் பார்க்கட்டும். ஆலைகளும் கொஞ்சம் யோசிக்கலாம். பயன்படாத போர்ட்டுகளை சுவிட்சிலேயே மூடிவிடுவது பெரிய செலவில்லையே!

அண்ணன் என்னைத் திட்டவில்லை. “அடுத்த தடவை முதல் தடவை நின்னப்பவே சொல்லிடு தம்பி” என்றார். பிறகு தாளும் பேனாவும் கொடுத்தார். இரண்டு நாள் நடந்து எழுதி முடித்தபோது பட்டியலில் 31 கருவிகள் இருந்தன. என் ஸ்கேன் காட்டியவை 27. மீதி நான்கும் பழைய சீரியல் கேபிளில் இணைந்தவை, என்மேப்பின் கண்ணில் படவே படாதவை.