முகாமும் காடும், நடுவே ஊரும்



குறிஞ்சிப்பிட்டிக்கு ஒரு பக்கம் புத்தளம் களப்பு, மறுபக்கம் பெருங்கடல். கற்பிட்டிக்கு அப்பால் அந்தக் கடலில் ஏறத்தாழ 300 சதுர கிலோமீற்றர் பவளப்பாறைப் பரப்பு 1992இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதே குடாநாட்டில்தான் ஒல்லாந்தர் கோட்டையில் கடற்படை நிற்கிறது. விமானப்படைக்குச் சுடுதளமும் இருக்கிறது.

படைக்குப் பயிற்சி வேண்டும். பவளமும் டொல்பின்களும் பிழைக்க வேண்டும். இரண்டையும் ஏற்கிறேன். ஆனால் இவற்றைப் பற்றிப் பேச அதிகாரிகள் உட்காரும்போது தோணிக்காரர் வெளியே நிற்கிறார். என்னை வருத்துவது அதுதான்.

ஊராரை வெளியே நிறுத்தினால் என்ன நடக்கும் என்பதற்கு வில்பத்துக்கு வடக்கே முசலியைப் பாருங்கள். முள்ளிக்குளத்துத் தமிழ்க் குடும்பங்கள் 2007 செப்டம்பரில் வெளியேற்றப்பட்டன. ஊர் கடற்படைத் தளமானது. 2017 மார்ச்சில் அம்மக்கள் நிலம் கேட்டு வீதியோரம் அமர்ந்தார்கள். அதே மார்ச்சில் ஏறத்தாழ ஒரு இலட்சம் ஏக்கரை மாவில்லு வனமாக்கும் வர்த்தமானியில் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன கையொப்பமிட்டார். அதே முசலியின் மறிச்சுக்கட்டி, கரடிக்குளி மக்கள் தங்கள் காணிகளும் அதற்குள் போய்விட்டன என்று கொதித்தார்கள். 1990இல் புலிகளால் விரட்டப்பட்டு நம் புத்தளத்தில் அடைக்கலம் தேடியவர்கள் அவர்கள். அவர்கள் இல்லாத காலத்தில் வளர்ந்த காட்டைக் காட்டி, அவர்களையே காடழிப்பவர்கள் என்றார்கள். ஓர் ஊரை முகாம் மறித்தது, அடுத்த ஊரை வனம் மறித்தது. முள்ளிக்குளத்தில் 100 ஏக்கரை விடுவதாகக் கடற்படை ஏப்ரல் 29இல் அறிவித்தது. மக்கள் ஒரு மாதத்துக்கும் மேல் வெயிலில் கிடந்த பிறகு.

முகாமுக்குப் பின் வனம் வந்து ஊரை மறித்த கதை வெளிநாட்டிலும் உண்டு. புவேர்ட்டோ ரிக்கோவின் வியேக்கஸ் தீவில் அமெரிக்கக் கடற்படை 2003இல் குண்டுப் பயிற்சியை நிறுத்தியதும், அந்த நிலம் வனவிலங்குப் புகலிடமானது. வெடிக்காத குண்டுகள் மண்ணில் கிடந்ததால், பல இடங்களுக்குள் ஊரார் கால்வைக்க முடியவில்லை.

நம் கரையில் செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. சுடுபயிற்சி நாட்களை முன்கூட்டியே தமிழிலும் சிங்களத்திலும் இறங்குதுறைகளில் ஒட்டலாம். தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளித்து, தோணிகள் குறைவாக இறங்கும் மாதங்களில் முடிந்தவரை பயிற்சியை வைக்கலாம். பவளத்திட்டுக்கு எவ்வளவு தூரம் விலக வேண்டும் என்பதை மீனவர் சங்கங்களோடு உட்கார்ந்து வரையலாம். 1998இன் கடல் வெப்பத்தில் வெளுத்துப்போன பவளத்துக்கு இன்னோர் அடி தாங்காது.

எந்த மாதத்தில் எந்தப் பாரில் மீன் கூடுகிறது, எங்கே டொல்பின் குட்டிகளோடு திரிகிறது என்பது கடலில் இறங்கும் உங்களுக்குத்தான் தெரியும். எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் அவற்றை ஒரு வரைபடமாக வெளியிட்டு, கடற்படைக்கும் விமானப்படைக்கும் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்புகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்