அந்த அறைக்குச் சன்னல் இருக்கிறதா?

நோயாளி ஒருவரை வீட்டுக்கு அனுப்பும் நாளில் நாங்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் சில உண்டு. மாத்திரைகளை வேளை தவறாமல் எடுத்துத் தருபவர் யார்? இன்ஹேலரைப் பயன்படுத்தும் முறையைச் செவிலியரிடம் செய்து காட்டினீர்களா? மூச்சுத்திணறல் கூடினால் இரவில் அழைத்துவர வண்டி உண்டா? வீட்டைப் பற்றிய பேச்சு முன்பெல்லாம் மாடியா தரைத்தளமா என்பதோடு முடிந்துவிடும். இப்போது நாங்கள் வாய் திறக்கும் முன்பே குடும்பத்தார் சொல்லிவிடுகிறார்கள்: “அப்பாவுக்குன்னு தனி ரூம் கட்டிட்டோம் டாக்டர். ஏ.சி. போட்டாச்சு. பாத்ரூமும் உள்ளேயே இருக்கு.”

அந்தச் சொற்களில் பெருமிதம் இருக்கிறது. கடன் வாங்கியேனும் தந்தைக்கு ஒன்றைச் செய்து முடித்த நிறைவு இருக்கிறது. அதைக் குலைக்க எங்களுக்கு மனம் வருவதில்லை. ஆயினும் அண்மைக் காலமாக ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேட்கிறோம்: “அந்த அறைக்குச் சன்னல் இருக்கிறதா? அது திறக்குமா?” பலர் உடனே விடை சொல்வதில்லை. அலமாரியை அதன் முன்னே வைத்துவிட்டோம் என்பார் ஒருவர். பக்கத்து வீட்டுச் சுவர் ஒட்டி இருப்பதால் அந்தப் பக்கம் சன்னலே வைக்கவில்லை என்பார் இன்னொருவர்.

தனி அறை வேண்டும் என்னும் எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதை நாம் அனைவரும் அறிவோம். 2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. அதற்குப் பிந்தைய மாதங்களில் வீடே அலுவலகமாயிற்று, பள்ளிக்கூடமாயிற்று, பல இல்லங்களில் மருத்துவமனைப் படுக்கையும் ஆயிற்று. இரண்டு அறை வீட்டில் ஆறு பேர் இருக்க, அவர்களில் ஒருவருக்குத் தொற்று என்று முடிவு வந்த இரவில் அக்குடும்பம் பட்ட பாட்டை எளிதில் மறக்க முடியாது. 2021 ஏப்ரல், மே மாதங்களில் அந்தத் துயரம் பன்மடங்கானது. அப்போது முளைத்த ஆசைதான் இன்றைய வரைபடங்களில் தெரிகிறது: கூடுதலாக ஒரு படுக்கையறை, வாசலில் கைகழுவும் தொட்டி, வீட்டிலிருந்து வேலை பார்க்க ஒரு மூலை, காலாற நிற்க ஒரு பால்கனி. அடுக்குமாடியை விற்றுவிட்டு வில்லியனூர் பக்கம் மனை தேடிப் போனவர்களையும் எங்கள் நோயாளிகளிடையே காண்கிறோம். இந்த ஆசைகளில் பிழையொன்றும் இல்லை.

பிழை எங்கள் பக்கத்தில் இருந்தது. அதை ஒப்புக்கொள்ளவே இதை எழுதுகிறோம். முதல் ஆண்டில் மருத்துவர்களாகிய நாங்கள் கைகழுவச் சொன்னோம், முகக்கவசம் அணியச் சொன்னோம், நோயுற்றவரைத் தனி அறையில் வைத்துக் கதவைச் சாத்தச் சொன்னோம். சன்னலைத் திறந்து வையுங்கள் என்று அதே அழுத்தத்துடன் சொன்னோமா? இல்லை. காய்கறியைக் கழுவுவது பற்றிப் பேசிய நேரத்தில் பாதியையாவது காற்றோட்டத்துக்குக் கொடுத்திருக்க வேண்டும். 2021 மே 20 அன்று இந்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகம் வெளியிட்ட அறிவுரைதான் பொதுமக்களுக்குப் புரியும் வகையில் அதைச் சொன்னது. பெரிய எச்சில் துளிகள் 2 மீட்டருக்குள் விழுந்துவிடும், நுண்துளிகளோ காற்றில் 10 மீட்டர் வரை செல்லக்கூடும், ஆகவே கதவு சன்னல்களைத் திறந்து வையுங்கள் என்றது அது. அதற்குள் நம் ஊரில் இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தது.

மக்கள் மனத்தில் நின்றது எங்கள் முதல் அறிவுரையே. “தனி அறை, சாத்திய கதவு” என்பது செங்கல்லும் சிமென்ட்டுமாக உருப்பெற்றுவிட்டது. வீட்டுக்கு வீடு பொருத்தப்படும் சுவர் ஏ.சி. குறித்து ஒரு தவறான நம்பிக்கையும் நிலவுகிறது. அது வெளிக்காற்றை உள்ளே கொண்டு வருவதில்லை. அறைக்குள் இருக்கும் காற்றையே இழுத்து, குளிரவைத்து, மீண்டும் அறைக்குள்ளேயே விடுகிறது. மூடிய அறையில் இருமும் ஒருவரோடு இரவு முழுதும் உறங்கும் மனைவியோ பேரனோ, அவர் வெளிவிட்ட மூச்சையே திரும்பத் திரும்ப உள்ளிழுக்கிறார்கள். கொரோனாவுக்கு மட்டுமல்ல, காசநோய்க்கும் சளிக்காய்ச்சலுக்கும் இது பொருந்தும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு வேறொரு தொல்லையும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் புதுவையின் சுவர்கள் ஓதம் காக்கும். வெயிலும் காற்றும் படாத அறையில் அந்த ஓதம் பூஞ்சையாகும். “புது வீட்டுக்குப் போன பிறகுதான் இழுப்பு அதிகமாச்சு” என்று சொல்வோரிடம் நாங்கள் முதலில் கேட்பது, அவர் கட்டிலின் பின்புறச் சுவர் என்ன நிறத்தில் இருக்கிறது என்பதைத்தான்.

இத்தனைக்கும் காற்றை வீட்டுக்குள் அழைக்கும் கலையை வெளியூரிலிருந்து கற்க வேண்டிய ஊரன்று இது. பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, கால்வே சுப்பராயச் செட்டி வீதியில், அதாவது நம் மக்கள் வாயில் வைசியாள் வீதியில், ஒரு மாலை நடந்து பாருங்கள். இன்டாக் அமைப்பின் முயற்சியால் புதுப்பிக்கப்பட்டு, 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது பெற்ற வீதி அது. தெருவை ஒட்டித் தாழ்வாரம், அதன் உள்ளே திண்ணை, நடை, நடைக்கு அப்பால் வானம் பார்த்த முற்றம். முற்றத்தில் சூடேறிய காற்று மேலே எழ, அந்த இடத்தை நிரப்பத் தெருப்பக்கக் காற்று நடை வழியே உள்ளே வரும். விசிறி சுழலாமலே வீடு மூச்சு விடும்.

நோய்க்கும் அந்த வீட்டில் ஓர் ஒழுங்கு இருந்தது. வெளியிலிருந்து வந்தவர் காலைக் கழுவிக்கொண்டு நுழைவார். வந்தவரோடு பேச்சு பெரும்பாலும் திண்ணையிலேயே முடிந்துவிடும். அம்மை கண்ட வீட்டின் வாசலில் வேப்பிலை செருகுவார்கள். அதைக் கண்டு அயலார் உள்ளே வரமாட்டார்கள். வீட்டில் உள்ளவர்களோ நோயாளியை விட்டு விலகமாட்டார்கள். முகம் பார்த்துப் பேச ஓர் இடம், காற்று நுழைய ஒரு வழி, தேவையானபோது விலகியிருக்க ஒரு மறைப்பு ஆகிய மூன்றும் ஒரே கூரைக்குள் இருந்தன.

பழமையைத் தூக்கிப் பிடிப்பது எங்கள் நோக்கமன்று. அந்தத் திண்ணையைத் தாண்ட அனுமதிக்கப்படாத மக்கள் இருந்தனர். அதை மறந்து திண்ணையைப் புகழ்வது நேர்மையாகாது. மாதவிலக்கு நாட்களில் பெண்களை ஒதுக்கி வைத்த மூலையும் அவ்வீடுகளில்தான் இருந்தது. புகைபோக்கி இல்லாத சமையற்கட்டில் விறகுப் புகையை நாற்பது, ஐம்பது ஆண்டுகள் சுவாசித்த தாய்மார்கள், வாழ்நாளில் ஒரு சுருட்டையும் தொடாதவர்கள், சுருங்கிய மூச்சுக்குழாய்களோடு இன்றும் எங்கள் முன் வந்து அமர்கிறார்கள். ஆகவே எடுத்துக்கொள்ள வேண்டியது முற்றத்தின் சூத்திரத்தை மட்டுமே. காற்று வர ஒரு வழி வேண்டும், போக வேறொரு வழி வேண்டும்.

புதிய பொருள்களைக் கொண்டும் இதைச் செய்யலாம் என்பதற்குச் சான்றும் நம் ஊரிலேயே நிற்கிறது. ஆசிரமத்துக்காக அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்து, ஜார்ஜ் நகாஷிமா உள்ளிட்டோர் உடனிருந்து 1930களின் இறுதியிலும் 1940களிலும் எழுப்பிய கோல்கொண்டே விடுதி முழுக்கக் கான்கிரீட்டால் ஆனது. அதன் நீண்ட பக்கங்களில் கண்ணாடிச் சன்னல்களுக்குப் பதிலாகத் திருப்பி மூடக்கூடிய பலகைகள் அடுக்கடுக்காக உள்ளன. மழைக்கு மூடலாம், கடற்காற்றுக்குத் திறக்கலாம். குளிர்சாதனம் இல்லாமல் புதுவையின் கோடையைக் கடக்கத் திட்டமிட்ட கட்டடம் அது. அந்த அளவுக்கு எல்லோராலும் செலவழிக்க இயலாது என்பது உண்மை. ஆனால் கான்கிரீட் வீடு என்றாலே வெப்பமும் புழுக்கமும்தான் என்னும் பேச்சை நாம் ஏற்க வேண்டியதில்லை.

“எங்கள் வீடு சிறியது, நோயாளியை வீட்டில் வைத்துப் பார்க்க முடியுமா?” என்று கலங்குவோருக்கு ஒரு பழைய செய்தியைச் சொல்ல விரும்புகிறோம். காசநோய்க்குக் காற்றும் வெயிலும் ஓய்வுமே மருந்து என்றிருந்த காலத்தில் தாம்பரத்தில் 1928இல் டாக்டர் சௌரி முத்து ஒரு சானடோரியம் தொடங்கினார். மாத்திரைகள் வந்த பிறகும் நோயாளி சானடோரியத்தில்தான் கிடக்க வேண்டுமா என்ற கேள்வி எழுந்தது. 1956இல் சென்னையில் அமைந்த காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் அதை ஆராய்ந்தது. 193 நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு வீட்டிலும், மற்றவர்களுக்குச் சானடோரியத்திலும் ஓராண்டு சிகிச்சை. வீட்டில் இருந்தவர்கள் ஏழைகள். நெருக்கடியான குடியிருப்பு, குறைந்த உணவு. முடிவு 1959இல் வெளியானது. ஒழுங்காக மருந்து உண்டால் வீட்டிலும் ஏறக்குறைய அதே அளவு குணம் கிடைக்கும், வீட்டார்க்கு அதனால் கூடுதல் ஆபத்தும் இல்லை என்றது. உலகெங்கும் சானடோரியங்களின் கதவுகள் மூடப்பட அதுவும் ஒரு காரணமாயிற்று. ஏழையின் சிறு வீடும் மருத்துவமனையாகலாம் என்று உலகுக்குச் சொன்னது நம் சென்னைதான். சிகிச்சை தொடங்கிய காசநோயாளியை மூலையில் பூட்டிவைக்கும் குடும்பங்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும். அவருக்குத் தேவை தவறாத மருந்து, தொடக்க வாரங்களில் முகக்கவசம், திறந்த சன்னல். பூட்டு தேவையில்லை.

இனி எங்களை அதிகம் உறுத்தும் விஷயத்துக்கு வருகிறோம். கூடுதலாகக் கட்டிய அறை பெரும்பாலும் வீட்டின் பின்புறத்தில் அமைகிறது. பெருந்தொற்று போய்விட்டது, பெரியவர் அந்த அறையிலேயே தங்கிவிட்டார். உள்ளேயே கழிப்பறை, உள்ளேயே தொலைக்காட்சி, உணவும் அங்கேயே வந்துவிடுகிறது. வெளியே வர அவருக்குக் காரணமே இல்லாமல் போகிறது. நடை குறைய, கால்தசை மெலிகிறது. தசை மெலிய, நாலடி வைத்தாலே மூச்சு வாங்குகிறது. மூச்சு வாங்குவதால் நடை மேலும் குறைகிறது. நுரையீரல் பரிசோதனையில் பெரிய மாற்றம் இல்லாமலே நோயாளி ஆறு மாதத்தில் தளர்ந்து வருவதைப் பலமுறை கண்டிருக்கிறோம். அன்பினால் கட்டிய அறைதான் அது. ஆனாலும் எங்களுக்கு ஒரு தேர்வு கொடுத்தால், வசதியான பின்னறையைவிடத் தெருவைப் பார்த்த ஒரு நாற்காலியையே அவருக்கு எழுதித் தருவோம். பால்காரர் வருவார், பூக்காரம்மா ஒரு சொல் கேட்பார், பள்ளிப் பிள்ளைகள் கடந்து போவார்கள். அவர்களைப் பார்ப்பதற்காகவாவது அவர் ஒரு நாளைக்கு இருமுறை எழுந்து நடப்பார்.

“கொசு வருமே டாக்டர்” என்பது நாங்கள் வாரந்தோறும் கேட்கும் மறுப்பு. நியாயமான மறுப்புதான். டெங்கு உள்ள ஊரில் அதை அலட்சியம் செய்ய முடியாது. அதற்கு விடை சன்னலுக்கு வலை. ஓர் ஏ.சி.யின் விலையோடு ஒப்பிட்டால் அது சிறு செலவே. வாடகை வீட்டில் இருப்பவர்கள் சுவரை இடிக்க முடியாது, ஆனால் சன்னலை மறைக்கும் அலமாரியை நகர்த்தலாம். ஒரே ஒரு சன்னல்தான் உண்டு என்றால், எதிர்ப்புறக் கதவையும் சேர்த்துத் திறந்து, மேசை விசிறியை வெளிப்பக்கம் நோக்கிச் சன்னலருகே ஓடவிட்டால் உள்காற்று வெளியேறும். ஏ.சி. இல்லாமல் உறங்க முடியாத சித்திரை, வைகாசி இரவுகளில் படுக்கும் முன்பும் விடிந்த உடனும் அரைமணி நேரம் அறையை நன்றாகத் திறந்துவிடுங்கள். வீட்டில் ஆக்சிஜன் செறிவூட்டி வைத்திருப்பவர்கள் அதைத் திரைச்சீலைக்கும் சுவருக்கும் இடையே நெருக்கி வைக்க வேண்டாம். பூசையறை விளக்குக்கும் ஊதுவத்திக்கும் அருகிலும் வேண்டாம்.

வீடு கட்டத் தொடங்கியிருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். கொத்தனாரோடும் பொறியாளரோடும் பேசும்போது, நோயாளியோ முதியவரோ படுக்கப்போகும் அறையில் எதிரெதிரே அல்லது அடுத்தடுத்த சுவர்களில் இரண்டு திறப்புகள் வேண்டும் என்று முதலிலேயே கேளுங்கள். தளம் போட்ட பிறகு எங்களிடம் வந்தால் நாங்கள் இன்ஹேலரின் அளவை மட்டுமே கூட்ட முடியும்.

எங்கள் பிரிவில் வீட்டுக்கு அனுப்பும் முன் நிரப்பும் தாளில் இப்போது இரண்டு வரிகள் சேர்த்திருக்கிறோம். நோயாளி உறங்கும் அறையில் திறக்கக்கூடிய சன்னல்கள் எத்தனை? பகலில் அவர் எங்கே உட்காருவார்? செவிலியர் கேட்கும்போது தயங்காமல் உள்ளதைச் சொல்லுங்கள். முடிந்தால் அறையைக் கைப்பேசியில் படம் எடுத்து வாருங்கள். கட்டிலை எந்தப் பக்கம் திருப்பிப் போடலாம் என்று சேர்ந்தே பார்ப்போம்.