யாரோட பாரம்பரியம்?

செட்டிநாட்டு வீடுகளையும் அக்கிரகாரத்து வீடுகளையும் புதுப்பிக்கிறார்கள். ஆத்தங்குடிக் கல்லைத் துடைக்கிறார்கள், பர்மாத் தேக்குத் தூணுக்கு எண்ணெய் பூசுகிறார்கள், முற்றத்துக்குக் கண்ணாடிக் கூரை போடுகிறார்கள். செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் ஏறிவிட்டன. எல்லாம் 'நம்ம பாரம்பரியம்'. யாரோட பாரம்பரியம், தோழர்களே? அந்தத் திண்ணையில் நம்ம தாத்தன் ஒருநாள் உட்கார முடிஞ்சுதா?

அந்த வீட்டின் வரைபடமே சாதியின் வரைபடம். முன்வாசல் விருந்தாளிக்கு. கொல்லைச் சந்து பீ அள்ள வந்தவங்களுக்கு.

எடுப்புக் கக்கூஸை 1993 சட்டம் தடை செய்தது. இப்போது புதுப்பித்த வீட்டில் படுக்கையறைக்கு ஒரு பாத்ரூம். எல்லாம் போய்ச் சேருவது செப்டிக் டேங்கில். சந்து மறைஞ்சுபோச்சு, குழி மறையலை. பாதுகாப்பில்லாமல் அதற்குள் ஆளை இறக்குவது 2013 சட்டப்படி குற்றம். இறக்குகிறார்கள், விஷவாயுவில் சாகிறார்கள். செத்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் கொடு என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. கக்கூஸை வீட்டுக்குள்ளே கொண்டுவந்தவன், அள்ளுகிறவனை மட்டும் ஏன் சேரியிலேயே தேடுகிறான்?

வீட்டை இடிக்கச் சொல்லலை. வசதியா வாழுங்க. ஆனா நவீனம்னு சொன்னா கணக்கு முழுசா இருக்கணும். மாடுலர் கிச்சனுக்குக் காசு இருக்கும்போது குழியை உறிஞ்சுற லாரிக்குக் காசு இல்லையா? மாடியை வாடகைக்கு விடும்போது 'நீங்க என்ன ஆளுங்க?'ன்னு ஏன் கேக்குற?

அந்தக் கேள்வி வாசல்ல நிக்கிற வரைக்கும், எத்தனை ஏசி மாட்டினாலும் அது பழைய வீடுதான்.