பழைய ஜீப்பும் பந்தா டயரும்

பழைய ஜீப் ஒன்று கைக்கு வந்ததும் இளவட்டங்கள் செய்கிற முதல் வேலை என்ன? பிரேக் பிடிக்கிறதா என்று பார்ப்பதா? இல்லை. ஸ்டியரிங்கில் எவ்வளவு ஆட்டம் இருக்கிறது என்று பார்ப்பதா? அதுவும் இல்லை. நேராக டயர் கடைக்குப் போய், 'இருக்கிறதிலேயே பெருசா, அகலமா, பட்டன் பட்டனா' நாலு டயர் கேட்பதுதான். மாட்டியதும் ஒரு போட்டோ. மட்கார்டுக்கு வெளியே அரை அடி டயர் துருத்திக்கொண்டு நிற்கும். வண்டி இப்போது 'ஆஃப்-ரோடர்' ஆகிவிட்டதாம்!

ஆகவில்லை. ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த வண்டி கெட்டுப்போயிருக்கிறது, அவ்வளவுதான்.

இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்புக்குப் போட்ட டயர் 6.00-16. அதாவது அகலம் சுமார் 6 அங்குலம், ரிம் 16 அங்குலம். அதே வில்லிஸ் வழியில் வந்த மஹிந்திராவின் பழைய ஜீப்புகள் பலவற்றுக்கும் இதே அளவுதான். பார்த்தால் ஒல்லிப்பிச்சான். 'கம்பெனிக்காரன் கஞ்சன், அதான் சின்ன டயர் போட்டான்' என்று ஒரு கதை சுற்றுகிறது. போர்க்களத்துக்குச் செய்த வண்டியில் டயருக்கு மட்டும் யாராவது கஞ்சத்தனம் பண்ணுவார்களா? வில்லிஸ் இன்ஜினின் சக்தி 60 குதிரைசக்தி. அந்த இன்ஜின், அந்த கியர், அந்த டிரம் பிரேக், பவர் இல்லாத அந்த ஸ்டியரிங் எல்லாவற்றையும் கணக்குப் போட்டு வந்த அளவு அது. ஒன்றை மட்டும் மாற்றினால் மற்ற கணக்கெல்லாம் இடிக்கும்.

எப்படி இடிக்கும்? 6.00-16 டயரின் உயரம் சுமார் 28 முதல் 29 அங்குலம். இப்போது பலரும் ஆசைப்படுகிற 31x10.50 டயரின் உயரம் 31 அங்குலம், அகலம் பத்தரை. உயரம் மட்டும் கிட்டத்தட்ட 9 சதவீதம் கூடுகிறது. ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 65-ல் போய்க்கொண்டிருக்கும். ஏற்றத்தில் இரண்டாவது கியரில் ஏறிய வண்டி முதல் கியர் கேட்கும். இறக்கத்தில் இன்ஜின் பிடித்து நிறுத்துகிற பலம் அதே அளவு குறையும். சக்கரம் பெரிதாக ஆக, அதை நிறுத்த பிரேக்கும் அதிகம் உழைக்க வேண்டும். உழைக்க வேண்டியது பழைய டிரம் பிரேக், கவனிக்கவும்.

அகலம் கூடியதன் பலன் வேறு கணக்கு. அகல டயருக்கு அகல ரிம் வேண்டும். ரிம் வெளியே தள்ளி நிற்கும். அப்போது வீல் பேரிங், கிங் பின், ஸ்டியரிங் பாக்ஸ் எல்லாம் நெம்புகோலின் முனையில் மாட்டியது மாதிரி அடி வாங்கும். ஆறு மாதத்தில் ஸ்டியரிங் ஆடத் தொடங்கினால், 'பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்' என்று பழி வண்டி மேல் விழும்!

'அகலமான டயர்னா பிடிப்பு அதிகம்' என்பதுதான் இவர்களின் பெரிய வாதம். பள்ளிக்கூட இயற்பியல் போதும் இதைப் பார்க்க. 1,200 கிலோ வண்டி என்றால் ஒரு சக்கரத்தின் மேல் சுமார் 300 கிலோ. டயரில் 30 பவுண்டு காற்று இருந்தால், அது சதுர செ.மீ.க்கு 2.1 கிலோ. ஆக, தரையைத் தொடுகிற பரப்பு தோராயமாக 143 சதுர செ.மீ. டயரின் பக்கச் சுவரும் கொஞ்சம் எடை தாங்கும் என்பதால் இது துல்லியக் கணக்கு அல்ல. ஆனால் பரப்பைப் பெரும்பாலும் முடிவு செய்வது எடையும் காற்றும்தான், அகலம் இல்லை என்பது புரியும். ஒல்லி டயரில் அந்தப் பரப்பு நீளவாக்கில் இருக்கும், அகல டயரில் குறுக்குவாக்கில் இருக்கும். காற்றை 15 பவுண்டுக்கு இறக்கினால் பரப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும். பைசா செலவு இல்லை!

(ஒரு எச்சரிக்கை. ட்யூப் டயரில் காற்றை ரொம்ப இறக்கினால் டயர் ரிம்மின் மேல் வழுக்கி, ட்யூபின் வால்வைப் பிய்த்துவிடும். கரடுமுரடைத் தாண்டியதும் மறுபடி காற்று நிரப்பாமல் தார் ரோட்டில் ஏறக் கூடாது.)

மணலில் மிதக்க வேண்டும், அங்கே அகலம் உதவும். தூத்துக்குடிப் பக்கத்துத் தேரிக்காட்டு மணலில் ஓட்டுகிறவர் அகலம் கேட்டால் நியாயம். ஆனால் மலைச் சேறு அப்படியில்லை. மேலே ஒரு சாண் சகதி, கீழே கெட்டித் தரை. ஒல்லி டயர் சகதியைக் கிழித்துக்கொண்டு போய்க் கெட்டித் தரையைப் பிடிக்கும். அகல டயர் சகதியின் மேலேயே வழுக்கிக்கொண்டு சுற்றும். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறுகிற கல் பாதையில் ஜீப் ஓட்டிப் பிழைக்கிறவர்களுக்கு போட்டோ முக்கியமில்லை. சாயங்காலம் வண்டி பத்திரமாக இறங்கி வர வேண்டும்.

அடுத்தது பட்டன். பெரிய பெரிய கட்டையாக இருக்கிற மட் டயர் சேற்றுக்கு நல்லதுதான். ஆனால் இந்த ஜீப்புகள் நூற்றுக்குத் தொண்ணூறு நேரம் ஓடுவது தார் ரோட்டில். கட்டைகளுக்கு நடுவே காலி இடம் அதிகம் என்பதால் தாரைத் தொடுகிற ரப்பர் குறைவு. மழை பெய்த ரோட்டில் பிரேக் அடித்தால் வண்டி நிற்க இன்னும் தூரம் வேண்டும். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் பிரேக் உண்டு!

'அப்போ ஒரிஜினல் மிலிட்டரி பட்டனே போட்டுடலாமே' என்று கிளம்புகிற இன்னொரு கோஷ்டியும் உண்டு. அதுவும் பக்தி முற்றிய கேஸ்தான். முன்னும் பின்னும் ஒரே மாதிரி இழுக்க வேண்டும் என்று செய்த பட்டன் அது, ஈரத் தாரில் வழுக்கும். அளவு ஒரிஜினலாக இருக்கட்டும். பட்டன் ஓடுகிற ரோட்டைப் பார்த்து இருக்கட்டும். பெரும்பாலானவர்களுக்கு அதே அளவில் நடுத்தரப் பட்டன் போதும்.

பெரிய டயருக்கு ஒரே ஒரு உண்மையான லாபம் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. ஆக்ஸிலின் நடுவே தொங்குகிற கூடு தரையிலிருந்து உயரும். எவ்வளவு? உயர வித்தியாசத்தில் பாதி, அதாவது ஒன்றேகால் அங்குலம். அந்த ஒன்றேகால் அங்குலத்துக்காகக் கிரவுன்-பினியன், பிரேக், ஸ்டியரிங் எல்லாவற்றையும் மாற்றத் தயார் என்றால் தாராளமாகச் செய்யலாம். டயரை மட்டும் மாற்றிவிட்டு மற்றதைச் சாமி பார்த்துக்கொள்ளும் என்பதுதான் பிரச்சினை.

சட்டமும் இவர்கள் பக்கம் இல்லை. தயாரிப்பாளரின் அசல் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொல்லிவிட்டது. விபத்து நடந்த பிறகு இன்சூரன்ஸ்காரர் இதை ஞாபகப்படுத்துவார்.

உண்மையில் பார்க்க வேண்டியதை யாரும் பார்ப்பதில்லை. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருடம் 23-வது வாரம் செய்தது. பழைய ஜீப்புகள் அதிகம் ஓடுவதில்லை, அதனால் பட்டன் தேயாமலே ரப்பர் கிழடாகிவிடும். 10 வருடம் தாண்டிய டயரைப் பட்டன் மிச்சமிருந்தாலும் மாற்றச் சொல்கின்றன பல டயர் கம்பெனிகள். பக்கச் சுவரில் வெடிப்பு தெரிந்தால் பத்து வருடம்கூடக் காத்திருக்க வேண்டாம். ஒரே ஆக்ஸிலில் ஒரு பக்கம் ரேடியல், மறு பக்கம் நைலான் என்று கலப்படம் வேண்டாம். ஸ்டெப்னியும் அதே அளவில் இருக்க வேண்டும். முன்னும் பின்னும் வேறு வேறு உயரத்தில் டயர் மாட்டி, தார் ரோட்டில் ஃபோர்-வீல் போட்டால் கியர்கள் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும்.

பழைய ஜீப்பில் பின்னால் உட்காருகிறவர்களையும் கொஞ்சம் நினைக்க வேண்டும். போடியிலிருந்து மேலே ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிற பெண்கள் ஜீப்பில்தான் போகிறார்கள். டயர் எவ்வளவு அழகு என்று அவர்கள் யாரும் பார்ப்பதில்லை. இறக்கத்தில் வண்டி நின்றால் போதும் அவர்களுக்கு. நாலு பந்தா டயருக்கும் அகல ரிம்முக்கும் கொட்டுகிற காசில் சரியான அளவில் ஐந்து புது டயரும், நாலு சக்கரத்துக்கும் புது பிரேக் லைனிங்கும் வாங்கிவிடலாம். போட்டோவில் லைனிங் தெரியாது. தெரியாவிட்டால் போகட்டும்.