கிளாக்கர் மாறினால் கிலோவும் குறையுமா?

செக்ரோல் புத்தகம் இருந்த காலத்தில் கிளாக்கர் மாற்றலாகிப் போனால், புதியவர் புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பார். வெட்டித் திருத்தியிருந்தால் மையில் தெரியும். இப்போது பல தோட்டங்களில் பேர் போடுவது, கொழுந்துக் கணக்கு, சம்பளம் எல்லாம் கம்ப்யூட்டரில். பொறுப்பேற்க வருகிறவர் கையில் கொடுக்கப்படுவது ஒரு பாஸ்வேர்ட் மட்டுமே.

எமது உறுப்பினர்கள் உள்ள ஒரு தோட்டத்தில் நடந்தது இது. மழைக் காலத்தில், ஈரக் கொழுந்துக்கென ஒவ்வொரு நிறுவைக்கும் 2 கிலோ கழியும்படி பழைய கிளாக்கர் பதிந்து வைத்திருந்தார். அவர் மாற்றலாகிப் போனார். வெயில் வந்தது, கழிவு நிற்கவில்லை. புதிதாக வந்த தம்பிக்கு அப்படியொன்று உள்ளே இருப்பதே தெரியாது. பெண்கள் மடுவத்தில் குறித்து வைத்த கிலோவையும் சம்பளச் சீட்டையும் காட்டிக் கேட்டபோது, "சிஸ்டம் அப்படித்தான் காட்டுது அக்கா" என்றார். துரையும் அதையே சொன்னார். நாளுக்கு மூன்று நிறுவை என்றால் 6 கிலோ. அந்த 6 கிலோவால் எத்தனை பேருக்கு அரைப் பேர் விழுந்திருக்கும்?

அந்தத் தம்பி மீது எமக்குக் கோபமில்லை. அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லிக் கொடுக்க வேண்டியது நிர்வாகம். சிஸ்டம் தானாக எதையும் கழிப்பதில்லை, யாரோ கழிக்கச் சொன்னதைக் கழிக்கிறது.

ஆகவே பொறுப்பு கைமாறும் நாளில், உள்ளே பதிந்திருக்கும் கழிவுகளையும் கிலோ இலக்கையும் எழுத்தில் எடுத்து, தோட்டத் தலைவர், தலைவி முன்னிலையில் வாசித்து, துரை கையொப்பமிட வேண்டும். பழையவரின் பாஸ்வேர்ட் அன்றே நிறுத்தப்பட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் திருத்தியது யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பழைய வருடங்களின் பதிவு இன்னும் முக்கியம். 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்து வருடம் வேலை செய்த நாட்சம்பளத் தொழிலாளிக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம் உரியது. ஒரு வருடம் விடுபட்டால் அந்தப் பணம் போனதுதான். சேமலாப நிதியிலும் சிக்கல் வரும். ஒரே பெயரில் இரண்டு அம்மாமார் இருந்தாலும் கணக்கப்பிள்ளைக்கு முகம் தெரிந்திருந்தது. கம்ப்யூட்டருக்கு இலக்கம் மட்டுமே தெரியும். பழையதிலிருந்து புதியதற்கு மாற்றும்போது ஒவ்வொருவரின் இலக்கத்தையும் அவரவரிடமே காட்டிச் சரிபார்க்க வேண்டும்.

கழித்த கிலோவுக்கான பணத்தை அடுத்த சம்பளத்தில் தருவதாக அந்தத் தோட்ட நிர்வாகம் வாயால் சொல்லியிருக்கிறது. எழுத்தில் கேட்டிருக்கிறோம். அதுவரை மடுவத்தில் கிலோவைக் குறித்துக்கொள்வதை எவரும் நிறுத்த வேண்டாம்.